'சீஸ் ரகசியம்' என்ற பெயரில் விற்கப்படும் ஸ்கைரிம் கோப்பு: ஓர் எச்சரிக்கை

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டை ஆடுபவர்கள் கூடும் சில அரட்டைக் குழுக்களில் 'சீஸ் ரகசியம்' என்ற பெயரில் ஒரு கோப்பு விலைக்கு விற்கப்படுகிறது. பணம் கட்டி அதை வாங்கியவர்களில் நானும் ஒருவன். வாங்கிய அன்றிரவே என் கேம் கணக்கு வேறொருவர் கைக்குப் போனது. 340 மணி நேரம் ஆடிச் சேர்த்த சேவ் கோப்புகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. தயவுசெய்து அந்தக் கோப்பை வாங்காதீர்கள். யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் திறக்காதீர்கள்.

இந்த ஏமாற்று எதன்மேல் கட்டப்பட்டது என்பதைச் சொன்னால்தான், நான் ஏன் நம்பினேன் என்பது விளங்கும். 2011-ல் வெளிவந்த ஸ்கைரிமில் எந்தப் பீப்பாயைத் திறந்தாலும் முட்டைக்கோஸ் இருக்கும். எந்த மேசையைப் பார்த்தாலும் ஒரு சீஸ் வட்டு இருக்கும். செப்டிம் அரச மரபின் பெயரால் வழங்கும் நாணயங்கள், அந்த மரபு தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே புதைக்கப்பட்டவர்களின் தாழிகளிலும் கிடைக்கும். அந்தக் கல்லறைகளில் உலவும் உயிருள்ள பிணங்களான டிராகர்கள் இரவில் எழுந்துபோய் வழிப்போக்கர்களின் பணப்பையை உருவிவிட்டு விடிவதற்குள் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள் என்று ஆட்டக்காரர்களான நாங்கள் அதற்கு ஒரு காரணம் கட்டியிருந்தோம். 2006-ல் வந்த முந்தைய பாகமான ஆப்லிவியனில், நம் நிலை உயர்ந்த பிறகு சந்திக்கும் வழிப்பறிக்காரர்கள் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் அணிந்துகொண்டு வெறும் 100 பொன்னுக்காக நம்மை மறிப்பார்கள். கவசம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டத்தான் அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இன்னொரு கதை. சீஸ் வட்டுகளைப் பற்றிய கதைக்கு வலுவான ஆதாரம்கூட உண்டு. பித்தின் இளவரசனான ஷியோகோரத்துக்குச் சீஸ் மீது தீராத மோகம் என்பது அந்தத் தொடரை ஆடிய எல்லோருக்கும் தெரியும். ஆகவே நாடெங்கும் கிடக்கும் ஒவ்வொரு சீஸ் வட்டும் அவன் வைத்த ஒற்றன் என்று சொல்லிச் சிரிப்போம். இந்தக் கதைகள் எனக்கு உண்மையிலேயே பிரியமானவை, ஏனென்றால் கேமின் மூலைமுடுக்கெல்லாம் கூர்ந்து பார்த்த ஒருவரால்தான் இவற்றைக் கட்ட முடியும்.

அந்தப் பிரியத்தைத்தான் விற்பனையாளர் பயன்படுத்திக்கொண்டார். ஆயிரம் சீஸ் வட்டுகளைச் சேர்த்து ஓரிடத்தில் குவித்தால் ஷியோகோரத்தின் மறைவறை திறக்கும் என்றும், அதைத் திறக்க வைக்கும் மோட் (கேமில் மாற்றம் செய்யும் கூடுதல் கோப்பு) தன்னிடம் மட்டுமே உள்ளது என்றும் அவர் எழுதியிருந்தார். நான் தயங்கியபோது நரிகளை நினைவூட்டினார். ஸ்கைரிமில் நரியைப் பின்தொடர்ந்தால் புதையல் கிடைக்கும் என்று பல ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் சொல்லிவந்தார்கள். அதில் உண்மை இருப்பதை 2021-ல் அந்த கேமை உருவாக்கியவர்களில் சிலரே விளக்கினார்கள். நரி தப்பி ஓடும் தூரம், நடமாடுவதற்கான தரை பிரிக்கப்பட்டிருக்கும் முக்கோணங்களின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. வெட்டவெளியில் முக்கோணங்கள் பெரியவை, குறைவானவை. முகாம்களிலும் இடிபாடுகளிலும் சிறியவை, நெருக்கமானவை. ஆகையால் நரி தானாகவே அத்தகைய இடங்களை நோக்கி ஓடிவிடுகிறது. நரிக்கதை மெய்யானதால் சீஸ் கதையும் மெய்யாகலாம் என்று எண்ணியது என் பிழை. நரிக்கதைக்குக் காரணம் சொல்லப்பட்டது, அதுவும் பணம் கேட்காமல் சொல்லப்பட்டது.

பணம் செலுத்தியதும் ஒரு சுருக்கப்பட்ட கோப்பு வந்தது. உள்ளே மஞ்சள் நிறச் சீஸ் படத்தைச் சின்னமாகக் கொண்ட ஒரே ஒரு கோப்பு இருந்தது. விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மறைத்துவிடும் என்பதால், அது 'ஈஎக்ஸ்ஈ' என்று முடியும் செயலி என்பதை நான் கவனிக்கவில்லை. ஸ்கைரிம் மோட்கள் பெரும்பாலும் 'ஈஎஸ்பி', 'பிஎஸ்ஏ' என்று முடியும் தரவுக் கோப்புகளாகத்தான் வரும். கேமுக்குள் ஒரு பொருளைச் சேர்ப்பதற்குத் தனிச் செயலி எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத் திறக்குமாறு உடன் வந்த குறிப்பு கூறியது, அப்படியே செய்தேன். வாங்கியதை உறுதிப்படுத்த வேண்டும் என்று சொல்லி ஒரு சாளரம் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்டது. இரண்டையும் கொடுத்தேன். சிறிது நேரத்தில் என் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

பிறகு, இலவசமாகக் கிடைக்கும் கிரியேஷன் கிட் மென்பொருளில் கேமின் தரவைத் திறந்து நானே தேடினேன். பெட்டிகளிலும் பீப்பாய்களிலும் கிடைப்பவை பெரும்பாலும் பட்டியல்களிலிருந்து குலுக்கலாக எடுக்கப்படுகின்றன. ஒரே பட்டியல் பல இடங்களுக்குப் பொதுவாக வைக்கப்படுவதால்தான் ஒரே பொருள் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. சீஸ் வட்டுகளை எண்ணிப் பார்த்து எதையாவது திறக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

'எனக்குப் பலித்தது' என்று சிலர் எழுதியிருந்த சான்றுரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆயிரம் சீஸ் தேடுகிறவர் வழியில் நூற்றுக்கணக்கான பெட்டிகளைத் திறக்கிறார். நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள ஒரு பொருள், நூறு பெட்டிகளைத் திறந்தவர்களில் ஏறத்தாழ 63 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது கிடைத்துவிடும். கிடைத்தவர் சீஸுக்கு நன்றி சொல்கிறார், கிடைக்காதவர் மௌனமாகிவிடுகிறார்.

பழைய ரசீதுகளைக் காட்டிக் கணக்கை மீட்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. சேவ் கோப்புகள் திரும்பவில்லை, பணமும் திரும்பவில்லை. அந்தச் செயலியைத் திறந்துவிட்டவர்கள் முதலில் வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லா இடங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றிவிட்டு, அதன்பிறகு கணினியைச் சுத்தம் செய்யுங்கள். சேவ் கோப்புகளின் நகலை உடனே வெளி வட்டில் எடுத்து வையுங்கள்.

நேற்று வேறொரு குழுவில் புதிய பெயரில் அதே விற்பனைச் செய்தியைப் பார்த்தேன். வாசகங்கள் சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தன. சீஸ் வட்டு என்று இருந்த இடங்களில் மட்டும் மரக் கிண்ணம் என்று மாற்றியிருந்தார்கள்.