மாருதி 800-க்கு லோயர் ஆர்ம் புஷ்: ரப்பரா, பாலியூரிதேனா?

எங்கள் வண்டி 1999 மாடல் மாருதி 800. அப்பா ஓட்டியது, இப்போது என் கையில். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் இடது பக்கம் 'டொக்' என்று கேட்கும். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் இடது பக்கமே இழுக்கும். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று இரண்டு பேர் சொன்னதை நம்பி மாற்றினேன். சத்தம் போகவில்லை. கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வண்டியை ஜாக்கியில் தூக்கி, லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோடு சேர்க்கும் இரும்புக் கை) உள்முனையில் டயர் லீவரைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். அங்கே அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளைதான் புஷ். அதன் ரப்பர் கிழிந்து, நடுவில் இருக்கும் இரும்புக் குழாய் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

800-ல் லோயர் ஆர்ம் ஒரே ஒரு புஷ்ஷில்தான் பாடியோடு சேர்கிறது. சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது ஸ்டெபிலைசர் பார், அதாவது இரண்டு பக்க ஆர்மையும் குறுக்கே இணைக்கும் இரும்புக் கம்பி. அதன் முனையில் உள்ள புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் போகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே ஆர்ம் புஷ் மாற்றும்போது பார் புஷ்களையும் சேர்த்தே வாங்குங்கள், இரண்டு பக்கத்துக்கும்.

முதலில் ஆன்லைனில் பாலியூரிதேன் (ரப்பரைவிடக் கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) செட் வாங்கிப் போட்டேன். ரப்பரைப்போல மூன்று மடங்கு விலை. வளைவில் வண்டி கெட்டியாக நின்றது உண்மை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 12 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் சீட்டு வரை வந்தது. அம்மா பின்சீட்டில் உட்கார மறுத்துவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. ரப்பர் புஷ் இரும்போடு ஒட்டி, முறுக்கி வேலை செய்யும். இதிலோ உள்குழாய் புஷ்ஷுக்குள் சுற்ற வேண்டும். கிரீஸ் காய்ந்தால் சத்தம்தான். கழற்றி சிலிக்கான் கிரீஸ் வைத்தால் சரியாகும், ஆனால் தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு அந்த வேலை எதற்கு?

கழற்றிப் போட்டுவிட்டு, சென்னை ஜி.பி. ரோட்டில் மாருதி ஜெனுவின் ரப்பர் புஷ் வாங்கினேன். பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. கடைக்காரர் வெளி விட்டம், உள் விட்டம் இரண்டையும் வெர்னியர் வைத்து அளந்து பார்த்துத்தான் கொடுத்தார். பக்கத்தில் பாதி விலைக்கு இன்னொன்றும் இருந்தது. விரலால் தேய்த்தால் கறுப்பு ஒட்டியது, நகத்தால் அழுத்தினால் வெடிப்பு தெரிந்தது. வைத்துவிட்டு வந்தேன்.

போடும் வேலைதான் முக்கியம். ஆர்மைக் கழற்றி லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பழையதை வெளியே தள்ளினோம். சுத்தியலால் அடித்தால் ஆர்மின் வளையம் கோணும். புதியதை உள்ளே தள்ள சோப்புத் தண்ணீர் போதும். என்ஜின் ஆயிலோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

இனி சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் எப்போதும் முறுக்கிய நிலையில் நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். அண்ணன் எங்கள் தெருச் சாய்வில் இரண்டு சக்கரத்தையும் பலகை மேல் ஏற்றி, படுத்துக்கொண்டு இறுக்கினார். வேறு இடத்தில் செய்தால் நின்று பாருங்கள், அவசரத்தில் ஜாக்கியிலேயே முடித்துவிடுவார்கள்.

மறுநாள் வீல் அலைன்மென்ட் பார்த்தேன். இப்போது ஏழு மாதம் ஆகிறது. டொக் சத்தம் இல்லை, பிரேக்கில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாலும் நேராக நிற்கிறது. அம்மா மறுபடி பின்சீட்டில்தான் வருகிறார்.