வாட்ஸ்அப்பா, ஷாப்பிஃபையா, வேர்ட்பிரஸா? சின்னக் கடைக்கு எது பொருந்தும்

என் சித்தி திண்டுக்கல்லில் வீட்டிலேயே கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, மோர் மிளகாய், வெங்காய வடகம் செய்து விற்கிறார். இத்தனை வருடமும் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். ஆர்டர் வந்தால் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். பணம் வந்ததும் ஒரு டிக், பார்சல் போனதும் இன்னொரு டிக். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "தம்பி, எனக்கும் ஒரு வெப்சைட் போடணும். ரெண்டு பேர் வந்து ரெண்டு விதமா சொல்றாங்க" என்றார். ஒருவர், மாத வாடகைக்கு ஆன்லைன் கடை தரும் ஷாப்பிஃபை என்கிறார். இன்னொருவர், நாமே எடுத்துத் தளம் கட்டிக்கொள்ளும் மென்பொருளான வேர்ட்பிரஸ்தான் நிலைத்து நிற்கும் என்கிறார். சித்தி மகனோ, "வாட்ஸ்அப் போதும்மா, எதுக்கு வீண் செலவு" என்கிறான்.

மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே செலவைப் பற்றித்தான் பேசினார்கள். கடை யார் கையில் இருக்கும் என்று யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் பட்டது. நாலு நாள் உட்கார்ந்து சித்தியோடு கணக்குப் போட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாட்ஸ்அப். இதை மட்டமாக நினைப்பவர்கள் ஒரு நாள் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். "அம்மாவுக்குப் பிரஷர், உப்பு கம்மியாப் போட்டுத் தர முடியுமா?" என்று ஒரு குரல் பதிவு வரும். சித்தி பதிலுக்குக் குரலிலேயே சொல்வார். இந்த வியாபாரத்தை எந்த இணையதளத்தின் படிவமும் செய்து தராது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் வந்தது, பொருள்களைப் படத்தோடு அடுக்கிவைக்கும் கேட்டலாக் வசதி 2019இல் சேர்ந்தது. ஐந்நூறு பொருள் வரை அடுக்கலாம், இலவசம். பணம் யூபிஐயில் நேராகக் கணக்குக்கு வருகிறது. 2020 ஜனவரியிலிருந்து யூபிஐக்கு வணிகரிடம் வாங்கும் எம்டிஆர் கட்டணம் கிடையாது என்பதால், நானூறு ரூபாய் வந்தால் நானூறும் சித்திக்குத்தான்.

குறைகளும் அந்த நோட்டிலேயே தெரிகின்றன. ஒரு நாளைக்கு ஐந்து ஆர்டர் வரை நோட்டு தாங்குகிறது. தீபாவளி சமயத்தில் முப்பது, நாற்பது என்று வரும்போது யார் பணம் போட்டார், யாருக்கு முகவரி வரவில்லை என்று தேடுவதிலேயே பாதி ராத்திரி போய்விடுகிறது. புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லலாம் என்றால், பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, சித்தியின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பெரிய அளவில் தானியங்கியாக அனுப்ப வேண்டும் என்றால் அதற்குத் தனித் தளம் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து அதில் அனுப்பும் ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் கட்டணம். அப்புறம், கோயம்புத்தூரில் ஒருவர் கூகுளில் "திண்டுக்கல் கறிவேப்பிலைப் பொடி" என்று தேடினால் சித்தியின் கேட்டலாக் அவர் கண்ணில் படப்போவதே இல்லை.

2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. எழுந்திருக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ராத்திரி என்பதால் நமக்குப் பெரிதாக உறைக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் ஜூன் 29 அன்று டிக்டாக் தடை வந்தது. அதில் ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றார்கள். இன்னொன்றும் உண்டு, அதிகம் பேசப்படாதது. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாக ஒரு பக்கத் தளம் செய்து தரும் வசதி இருந்தது. நிறையக் கடைக்காரர்கள் அதையே தங்கள் வெப்சைட் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தத் தளங்களை மூடிவிட்டது. மூன்று சம்பவத்திலும் கடைக்காரர் எந்தத் தப்பும் செய்யவில்லை. இடம் அடுத்தவருடையது, அவ்வளவுதான்.

சரி, சொந்தத் தளம் என்று வந்தால் ஷாப்பிஃபையா, வேர்ட்பிரஸா?

இரண்டும் பிறந்த விதமே வேறு. ஷாப்பிஃபை கனடாவின் ஒட்டாவாவில் தொடங்கியது. டோபி லுட்கேயும் நண்பர்களும் பனிச்சறுக்குப் பலகை விற்க ஒரு கடை போட்டார்கள். அதற்குச் சரியான மென்பொருள் கிடைக்காமல் தாங்களே எழுதினார்கள். கடையை விட அந்த மென்பொருள் நன்றாக இருந்ததால் 2006இல் அதையே வியாபாரமாக்கிவிட்டார்கள். அதனால் ஷாப்பிஃபையில் எதைத் தொட்டாலும் கடைக்காரரின் மனசு தெரியும்: ஸ்டாக், ஷிப்பிங், தள்ளுபடிக் கூப்பன், பாதியில் விட்டுப்போன கூடை எல்லாம் முதல் நாளே தயாராக இருக்கும். வேர்ட்பிரஸ் 2003இல் வலைப்பூ எழுதுவதற்காக வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள். உலகத்தில் இருக்கும் இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. கடை வைக்கும் வசதி 2011இல் வூகாமர்ஸ் என்ற செருகுநிரலாக, அதாவது தளத்தில் கூடுதலாகப் பொருத்திக்கொள்ளும் நிரலாக, வந்து ஒட்டிக்கொண்டது.

முந்தையதில் எல்லாம் தயாராக இருக்கும் கடையை வாடகைக்கு எடுக்கிறோம். பிந்தையதில் மனை நம்முடையது, கட்டடமும் நம் பொறுப்பு.

காசுக் கணக்குக்கு வருவோம். சித்திக்கு மாதம் 250 ஆர்டர், சராசரி 400 ரூபாய் என்று வைத்தால் விற்பனை 1,00,000 ரூபாய். தளத்தில் பணம் வாங்கித் தரும் ரேசர்பே போன்ற பேமென்ட் கேட்வே வழக்கமாக 2 சதவீதம் எடுக்கும். அந்த 2,000 ரூபாய்க்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 2,360. இது இரண்டு தளத்துக்கும் பொது. ஷாப்பிஃபையில் மாத வாடகை தனி. அதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் விடுவது இதுதான்: ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் வசதி இந்தியாவில் கிடையாது. வெளி கேட்வே வைத்தால், அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஷாப்பிஃபை தன் பங்காக இன்னொரு 2 சதவீதம் வாங்கும். சித்தியின் கணக்கில் மாதம் 2,000, வருடத்துக்கு 24,000. பொடி விற்பவருக்கு அது ஒரு நல்ல மிக்ஸியும் ஒரு சீலிங் மெஷினும் வாங்கும் பணம். விற்பனை கூடக்கூட இதுவும் கூடும். வூகாமர்ஸில் இந்த இரண்டாவது பங்கு இல்லை. தளத்தை வைத்திருக்கும் கணினி இடத்துக்கான ஹோஸ்டிங் வாடகையும், தளத்தின் முகவரிப் பெயரான டொமைனுக்கான கட்டணமும் மட்டும்தான்.

இதை மட்டும் படித்தால் வேர்ட்பிரஸ் ஜெயித்துவிட்டது போலத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் என் நண்பன் ஒருவனின் துணிக்கடைத் தளத்தில் நடந்ததை நான் நேரில் பார்த்தவன்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு செருகுநிரல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பணம் கட்டும் பக்கம் வெள்ளையாக நின்றது. தளத்தைச் செய்து கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், போனும் எடுக்கவில்லை. ஹோஸ்டிங்கின் கடவுச்சொல் அவருடைய மின்னஞ்சலில் இருந்தது. அதைவிட மோசம், டொமைன் பெயரே அவர் பேரில் பதிவாகியிருந்தது. மூன்று வருடமாக நண்பன் கடைப் பலகையிலும் பையிலும் பில்லிலும் போட்டு வளர்த்த பெயர், சட்டப்படி அவனுடையது இல்லை. அவரைத் தேடிப் பிடித்துத் தளத்தைச் சரிசெய்வதற்குள் ஆறு நாள் போய்விட்டது. ஆறு தீபாவளி நாள். பெயரை அவன் பேருக்கு மாற்றி வாங்கியது அதற்கும் பிறகு. அவன் அன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்திருந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

வேர்ட்பிரஸ் மேல் குற்றம் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளேயே, அல்லது கூப்பிட்டால் ஓடிவரும் தூரத்தில், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஓர் ஆள் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. வாரம் ஒரு முறை பேக்கப் எடுக்க வேண்டும், புதுப்பிப்பை முதலில் சோதனைப் பிரதியில் போட்டுப் பார்க்க வேண்டும், தேவையில்லாத செருகுநிரலை நீக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் மாத வாடகையோடு அந்த 2,000 ரூபாயும் கொடுத்து ஷாப்பிஃபைக்காரர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது நியாயமான செலவுதான். வேர்ட்பிரஸ் உலகத்துக்குள்ளேயும் சண்டை உண்டு. 2024 செப்டம்பரில் அதன் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மோதல் வெடித்தது. லட்சக்கணக்கான தளங்களில் இருக்கும் ஒரு செருகுநிரலையே அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் கைமாற்றிவிட்டார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் பழைய நிலை திரும்பியது. திறமூலம் என்றாலும் கதவுச் சாவி யாரோ ஒருவரிடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் தளத்தின் முழுப் பிரதியும் நம் கணினியில் இருந்தால் இதையெல்லாம் பயமில்லாமல் வேடிக்கை பார்க்கலாம்.

இனி நான் ரொம்பவும் கவலைப்படும் விஷயம்: திரையில் தமிழ் எப்படித் தெரிகிறது.

இரண்டு தளத்திலும் கிடைக்கும் தீம்கள், அதாவது தளத்தின் தோற்றத்துக்கான தயார் வடிவங்கள், ஆங்கிலத்தை நினைத்து வரையப்பட்டவை. வரி இடைவெளி நெருக்கமாக இருக்கும். தமிழ் போட்டதும் மேலே புள்ளியும் கொம்பின் தலையும் வெட்டுப்படும், கீழே "கூ", "மூ" எழுத்துகளின் வால் அடுத்த வரியில் போய் இடிக்கும். ஆங்கிலத்தில் இரண்டு விரல் அகலத்தில் அடங்கும் பட்டன், "கூடையில் சேர்க்கவும்" என்றதும் உடைந்து இரண்டு வரியாகும். "வாங்கு" என்று வைத்தால் அழகாக அடங்கும். இதை எந்த மொழிபெயர்ப்புச் செருகுநிரலும் யோசிக்காது, ஆள்தான் யோசிக்க வேண்டும். தீமின் எழுத்துருவில் தமிழ் எழுத்து இல்லையென்றால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு முகம் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை என்று கூகுள் ஃபாண்ட்ஸில் நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே இருக்கின்றன. வரி இடைவெளியை 1.6க்குக் கொண்டுபோய், சாய்வெழுத்தை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. சின்ன அளவில் தடித்த எழுத்தும் வேண்டாம், "ண", "ஞ" எல்லாம் மை கொட்டியது போல அடைத்துக்கொள்ளும்.

இந்தத் திருத்தமெல்லாம் வேர்ட்பிரஸில் சுலபம். அதன் நிர்வாகப் பக்கத்தையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். தமிழகத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழியாக்கம்கூட இருக்கிறது. ஷாப்பிஃபையிலும் செய்யலாம், ஆனால் தீமின் கோப்பைத் திறந்து கைவைக்க வேண்டும். தமிழைப் பொறுத்தவரை என் ஓட்டு வேர்ட்பிரஸுக்கு.

வேகத்தில் இரண்டும் சமம் என்றுதான் சொல்வேன், கெடுப்பது நாம்தான். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். வேர்ட்பிரஸில் பக்கத்தை இழுத்து அடுக்கிக் கட்ட உதவும் கனமான பேஜ் பில்டரும் ஷாப்பிஃபையில் பத்துப் பன்னிரண்டு செயலிகளும் சேர்ந்தால் எதுவும் அந்த நேரத்தில் வராது. போனில் எடுத்த வடகம் படத்தை அப்படியே ஏற்றாமல் வெப்பி (WebP) வடிவில் சுருக்கி ஏற்றுங்கள்.

ஏஐயிடம் வாயால் சொன்னாலே தளம் கட்டித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. விக்ஸ் நிறுவனம் 2025 ஜூனில் பேஸ்44 என்ற அப்படியொரு சின்ன நிறுவனத்தை 8 கோடி டாலருக்கு வாங்கியது. முதல் மாதிரி பார்க்க நல்லது. அப்படியொரு கருவி எழுதிய தமிழைச் சித்தியிடம் காட்டினேன். "இது யாரு பேசுறது?" என்று கேட்டார்.

விட்டுப்போகும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஷாப்பிஃபையிலிருந்து பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் பட்டியல்களைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். தீம் அவர்களுடைய லிக்விட் மொழியில் இருப்பதால் வெளியே ஓடாது. வேர்ட்பிரஸில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோகலாம். வாட்ஸ்அப்பில் மிஞ்சுவது போனில் சேமித்த எண்கள் மட்டும்தான், அதுவும் பெயரும் ஊரும் சேர்த்துச் சேமித்திருந்தால்.

மூன்றில் எதையும் முழுசாகத் தேர்ந்தெடுக்கும்படி நான் சித்திக்குச் சொல்லவில்லை. வீட்டில் தொழில்நுட்பம் பார்க்க ஆள் இல்லை, அதனால் வேர்ட்பிரஸ் இப்போது வேண்டாம். விற்பனை இன்னும் அந்த மாத வாடகையையும் 2 சதவீதத்தையும் சேர்த்துத் தாங்கும் அளவுக்கு வரவில்லை, அதனால் ஷாப்பிஃபையும் இப்போது வேண்டாம். ஒரு டொமைன், அதில் ஒரே ஒரு பக்கம். பொருள்களின் படம், விலை, நிகர எடை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண், முகவரி. கீழே ஒரு பச்சை பட்டன், தொட்டால் சித்தியின் வாட்ஸ்அப் திறக்கும். நோட்டில் இருந்த பெயர்களை ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றினோம், அதற்கே இரண்டு நாள் ஆனது. தினமும் பதினைந்து ஆர்டர் தொடர்ந்து மூன்று மாதம் வந்தால் ஷாப்பிஃபைக்குப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பெயர் அதேதான், பின்னால் இருக்கும் கடை மட்டும் மாறும்.

டொமைனைச் சித்தியின் பேரிலேயே, சித்தியின் மின்னஞ்சலிலேயே வாங்கினோம். வாங்கிய தேதி, புதுப்பிக்க வேண்டிய தேதி, எந்த நிறுவனம், எந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் நீள நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, சித்தியே தன் கையால் எழுதி வைத்துக்கொண்டார்.