நோகோ ஜீனியஸ் 1: ட்ரெய்லர் பேட்டரியைக் குளிர்காலம் தாண்ட வைக்குமா?

நிறைந்த பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்க இந்த ஒரு ஆம்பியர் சார்ஜர் அருமையான பொருள். காலியான பேட்டரியை நிரப்பலாம் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். ட்ராவல் ட்ரெய்லரை (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டை) குளிர்காலத்துக்கு நிறுத்தி வைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கணக்கு எளிது. ட்ரெய்லர்களில் பரவலாக இருக்கும் குரூப் 24 அளவு பேட்டரி ஏறக்குறைய 80 ஏஎச் (ஆம்பியர்-மணி: ஒரு ஆம்பியர் வீதம் 80 மணி நேரம்). அது பாதி இறங்கியிருந்தால் 40 ஏஎச் திரும்ப ஏற்ற வேண்டும். ஈய அமில பேட்டரி, எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே திருப்பிக் கேட்கும். ஆக ஒரு ஆம்பியர் சார்ஜருக்கு இது இரண்டு பகல், இரண்டு இரவு வேலை. கோல்ஃப் வண்டிக்கான 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து, 220 ஏஎச் வைத்திருப்பவருக்கு அதே பாதியை ஏற்ற ஐந்து நாளைத் தாண்டும். தயாரிப்பாளரே சார்ஜ் செய்ய 30 ஏஎச் வரை என்றும், பராமரிக்க எந்த அளவானாலும் சரி என்றும்தான் பிரித்துச் சொல்கிறார்.

அதனால் முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே ட்ரெய்லரைக் கரண்ட்டில் செருகி அதன் கன்வெர்ட்டரால் (வீட்டுக் கரண்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரியை ஏற்றும் கருவியால்) நிரப்புவது. கன்வெர்ட்டர் பழையதாக, எப்போதும் 13.6 வோல்ட்டிலேயே நிற்கும் வகையாக இருந்தால் ஒரு ராத்திரி போதாது. இரண்டு மூன்று நாள் விடுங்கள். அதே கன்வெர்ட்டரைக் குளிர்காலம் முழுக்க ஓடவிட்டால் என்ன என்று கேட்கலாம். 13.6 வோல்ட் மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் மெல்ல மெல்ல வற்றும். பார்க்க ஆளில்லாத இடத்தில் தட்டுகள் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். நிரப்புவதற்குக் கன்வெர்ட்டர், காப்பதற்கு இந்தச் சின்ன சார்ஜர். இப்படிப் பிரித்துக்கொண்டால் இதன் மேல் குறை சொல்ல அதிகம் இருக்காது.

பொருளைப் பார்ப்போம். சுவரில் நேராகச் செருகும் உடல், அதிலிருந்து வரும் வயர், முனையில் சிவப்பும் கறுப்பும் கிளாம்ப். 6 வோல்ட், 12 வோல்ட், ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஈய அமில வகை), லித்தியம் என்று தனித்தனி மோடு. பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும், சார்ஜ் ஆரம்பிக்காது. சாதாரண 12 வோல்ட் மோடு 14.5 வோல்ட் வரையும், ஏஜிஎம் மோடு 14.8 வரையும் ஏற்றும். இங்கே ஒரு எச்சரிக்கை. பேட்டரியின் பெயர் ஏஜிஎம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏஜிஎம் மோடைப் போடாதீர்கள். பல ஏஜிஎம் பேட்டரிகளுக்கு அவற்றின் தயாரிப்பாளர் 14.4 முதல் 14.6 வரைதான் அனுமதிக்கிறார். மூடிய பேட்டரி அதிக வோல்ட்டில் வாயுவை வெளியே விட்டுவிட்டால், இழந்த ஈரத்தை மீண்டும் ஊற்ற வழியில்லை. பேட்டரியின் மேல் உள்ள ஸ்டிக்கரையோ அதன் கையேட்டையோ பார்த்து, அந்த எண்ணுக்குப் பொருந்தும் மோடைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த அம்சம் வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டைத் திருத்துவது. குளிர்ந்த பேட்டரிக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் வேண்டும், சூடானதற்குக் குறைவு. ஆனால் அந்த சென்சார் இருப்பது சார்ஜரின் உடலுக்குள். பேட்டரியின் மேல் அல்ல. சார்ஜர் கதகதப்பான அறைச் சுவரில் செருகியிருக்க, வயர் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே உறைகுளிரில் இருக்கும் பேட்டரிக்குப் போனால், சார்ஜர் அறையின் வெப்பத்தைக் கணக்கில் எடுத்து பேட்டரிக்குக் குறைவாகக் கொடுக்கும். பச்சை விளக்கு எரியும், பேட்டரி முழுதாக நிறைந்திருக்காது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வரும் குறிப்புச் சீட்டில் இது பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டிய விஷயம்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், உறைதல். ஈய அமில பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலமும் தண்ணீரும். முழு சார்ஜில் திரவத்தின் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்த அடர்த்தி) 1.265 அளவில் இருக்கும். அது உறைய மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். பேட்டரி இறங்க இறங்க அமிலத்தின் சல்பேட் தட்டுகளில் போய் ஒட்டிக்கொள்ள, திரவம் தண்ணீராகிக்கொண்டே வரும். ஏறக்குறைய காலியான பேட்டரி மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். உறைந்தால் பெட்டி புடைக்கும், தட்டுகள் வளையும், சில நேரம் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். பெட்டி புடைத்த பேட்டரியில் எந்த சார்ஜரையும் மாட்டக் கூடாது. அதோடு, 12.4 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தட்டில் ஒட்டிய சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும். பிறகு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

"ஸ்விட்ச்சை அணைத்துவிட்டேனே, பிறகு எப்படி இறங்கும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ட்ரெய்லரோடு வரும் டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் பெரும்பாலும் எல்லாவற்றையும் துண்டிப்பதில்லை. கேஸ் கசிவைக் காட்டும் அலாரம், ரேடியோவின் மெமரி, ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கும் மின் ஜாக் ஆகியவை பல வண்டிகளில் அந்த ஸ்விட்ச்சைத் தாண்டி நேராக பேட்டரியிலிருந்து வரும். எல்லாம் சேர்ந்து 0.1 ஆம்பியர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 2.4 ஏஎச். நிறைந்த 80 ஏஎச் பேட்டரி பதினேழு நாளில் பாதிக்கு வந்துவிடும். இதைச் சோதிக்க, எல்லாவற்றையும் அணைத்த பிறகு மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் மைனஸ் முனைக்கும் இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பாருங்கள். ஜாக், பம்ப் எதையும் அப்போது இயக்காதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஸ்விட்ச்சை நம்பிப் பயனில்லை, கேபிளையே கழற்றுங்கள்.

மைனஸ் முனையில் தனியாக மாட்டும் திருகு ஸ்விட்ச்சோ, கத்தி போன்ற நெம்பு ஸ்விட்ச்சோ வாங்கினால் இந்தத் தொல்லை தீரும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வெட்டிவிடும். ஆனால் பிரேக்அவே ஸ்விட்ச்சும் அதோடு செத்துவிடும். இழுக்கும் வண்டியிலிருந்து ட்ரெய்லர் பிரிந்துவிட்டால் பிரேக்கைப் பிடிக்கும் அந்தச் சின்னப் பொருளுக்கு பேட்டரி மட்டுமே ஆதாரம். ஸ்விட்ச் அணைந்தபடியே சாலையில் இறங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஸ்விட்ச்சின் கைப்பிடியில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி, அதன் மறுமுனை கப்ளர் (இழுக்கும் வண்டியோடு மாட்டும் முனை) மேல் தொங்கும்படி விடுங்கள். வண்டியை மாட்ட வருபவர் கண்ணில் படாமல் போகாது.

கழற்றும் வரிசையில் தவறு செய்பவர்கள் நிறைய. முதலில் வெளிக் கரண்ட் வயரைப் பிடுங்க வேண்டும். கன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி இல்லாவிட்டாலும் கேபிள் முனையில் மின்சாரம் இருக்கும். சோலார் பலகை இருந்தால் அதை கன்ட்ரோலரிலிருந்து துண்டித்த பிறகே பேட்டரியைத் தொட வேண்டும். பேட்டரி இல்லாமல் பலகையின் வோல்ட் நேராக வந்தால் சில கன்ட்ரோலர்கள் பழுதாகும். அடுத்து விளக்கு, பம்ப், ஹீட்டர் எல்லாம் அணைத்து மைனஸ் கேபிள். கடைசியில்தான் பிளஸ். மைனஸை முதலில் எடுத்துவிட்டால், பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் இரும்புச் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி வராது.

வயரின் நிறத்தைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும். கார் பழக்கத்தில் கறுப்பு என்றால் மைனஸ் என்று கை தானாகப் போகும். பல ட்ராவல் ட்ரெய்லர்களில் கறுப்புதான் பிளஸ், வெள்ளை மைனஸ். நிறத்தை நம்பி வசந்த காலத்தில் மாற்றி மாட்டியவர்களின் கன்வெர்ட்டரில் தலைகீழ் இணைப்புக்கான ஃபியூஸ்கள் எரிந்துபோகும். சில நேரம் அதோடு நிற்பதுமில்லை. கழற்றும் முன் ஒரு போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப் சுற்றி பேனாவால் பிளஸ், மைனஸ் என்று எழுதுங்கள். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் என்றால் இடையில் ஓடும் குட்டை கேபிள் எதிலிருந்து எதற்குப் போகிறது என்பதும் போட்டோவில் தெளிவாகத் தெரிய வேண்டும். அவற்றின் எடை ஒவ்வொன்றும் 28 கிலோவை ஒட்டி வரும்; பட்டை போட்டுத் தூக்குங்கள், ஓரத்தைப் பிடித்துச் சாய்த்து அமிலத்தைச் சிந்தாதீர்கள். கழற்றிய கேபிள் முனைகளை டேப்பால் சுற்றித் தனித்தனியாக விடுங்கள்.

பேட்டரி கையில் வந்ததும் மேல்பக்கத்தைத் துடைக்க வேண்டும். அமில ஈரமும் தூசியும் சேர்ந்த படலம் இரண்டு முனைகளுக்கும் இடையில் சன்னமான மின்பாதையாகிவிடும். மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா பார்த்து, ஒரு கப் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துலக்குங்கள். நுரை நின்றால் அமிலம் தீர்ந்தது. அந்தக் கரைசலில் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது சார்ஜ் ஏறிய பிறகு, மூடித் துளையின் உள்கழுத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை. தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன்பே தட்டு மூழ்கும் அளவு ஊற்றுங்கள். முன்கூட்டியே முழுக்க நிரப்பினால் சார்ஜில் திரவம் விரிந்து வழியும்.

வைக்கும் இடம் குளிர்ச்சியாக, உலர்வாக, காற்றோட்டமாக இருக்கட்டும். சார்ஜின்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவிகிதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். ஹீட்டர் சுடர் இருக்கும் அறை கூடாது. சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கும் என்பது பழைய ரப்பர்ப் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்த பயம் வேண்டாம்.

கிளாம்ப் மாட்டியாயிற்று, பச்சை வந்துவிட்டது. அதோடு மறந்துவிடலாமா? மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி ஒரு நாள் ஓய்வுக்குப் பின் மல்டிமீட்டரில் 12.6 முதல் 12.7 இருந்தால் நிறைவு. கழற்றிய உடனே பார்த்தால் மேலோட்டமான சார்ஜ் காரணமாக 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். பச்சை விளக்கு இருந்தும் ஓய்வுக்குப் பின் 12.3-தான் நிற்கிறது என்றால் ஒரு செல் பலவீனமாகியிருக்கலாம். ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அந்த பேட்டரியின் காலம் முடிந்தது. கரண்ட் போய் வந்த பிறகு எந்த மோடு விளக்கு எரிகிறது என்றும் ஒரு பார்வை.

ஃபோர்ஸ் மோடு பற்றி ஒரே வார்த்தை: தவிருங்கள். ஒரு வோல்ட்டுக்கும் கீழே போன பேட்டரியைச் சாதாரண மோடில் சார்ஜர் கண்டுகொள்ளாது. அதை வற்புறுத்தி எழுப்பத்தான் ஃபோர்ஸ். அப்போது தீப்பொறி, தலைகீழ் இணைப்புப் பாதுகாப்புகள் விலகிவிடும். அந்த அளவுக்கு இறங்கிய ஈய அமில பேட்டரி அடுத்த பயணத்துக்கு நம்பத் தகுந்ததும் அல்ல.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வைத்திருப்பவர்கள் இதைக் குளிர்காலத்துக்காக வாங்க வேண்டியதே இல்லை. அந்த பேட்டரி நிறைவாக இருப்பதைவிட 50, 60 சதவிகிதத்தில் துண்டித்து வைக்கப்படுவதையே விரும்பும். மாதத்துக்குச் சில சதவிகிதம்தான் தானாகக் குறையும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் வசதி இல்லாத பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) என்றால், பனிக்கொட்டகையில் லித்தியம் மோடில் இதை மாட்டி வைப்பது கெடுதல்.

மொத்தத்தில், ஈய அமிலம் அல்லது ஏஜிஎம் பேட்டரி ஒன்றோ இரண்டோ வைத்து, அதை முழுக்க நிரப்பிய பிறகு பராமரிக்க மட்டும் கேட்பவருக்கு வாங்கலாம் என்பேன். நிரப்பவும் இதுவே வேண்டும் என்பவர் 5 அல்லது 10 ஆம்பியர் வகைக்குப் போகட்டும். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைப் பிரித்து வைப்பவர், ஒரே சார்ஜரை வாரத்துக்கு ஒன்றாக 6 வோல்ட் மோடில் மாற்றி மாற்றி மாட்டினாலும் போதும்.

வசந்த காலத்தில் மாட்டும்போது வரிசை தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசி, அதன் பிறகு சோலார், பிறகு வெளிக் கரண்ட். முனைகளில் சன்னமாக டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். கிளம்பும் முன் வண்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரேக்அவே பின்னை இழுத்து, ட்ரெய்லரை ஒரு அடி முன்னே இழுத்துப் பாருங்கள். சக்கரம் பிடிக்க வேண்டும். பார்த்ததும் பின்னை உடனே திரும்பச் செருகிவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் காந்தங்கள் சூடாகி, குளிர்காலம் முழுக்கக் காத்த சார்ஜை இறக்கிவிடும்.