சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: இரவு மூச்சுக்கு ஆக்சிஜனா, பைபேப்பா?

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர், மீனாட்சிபுரம், பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் மரபணு நோய்) நோயாளி இருந்து, அவருடைய நுரையீரல் பெரிதும் பழுதுபட்டுவிட்டால், இரவில் மூக்குக் குழாய் வழியாக ஆக்சிஜன் வைத்தால் போதுமா, மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் பைபேப் கருவி வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. ஆக்சிஜன் வைத்தவுடன் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எண் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிவதால், வீட்டாரின் மனம் அந்தப் பக்கமே சாய்வது இயல்பு. ஆனால் அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

உறக்கத்தில், குறிப்பாகக் கனவு காணும் கட்டத்தில், மூச்சுக்குத் துணைபுரியும் தசைகள் தளர்ந்து மூச்சு மேலோட்டமாகிவிடுவதால், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதோடு கரியமில வாயுவும் தேங்குகிறது. ஆக்சிஜன் கொடுப்பது முதல் குறையை நிரப்புமே தவிர, தேங்கிய வாயுவை வெளியேற்றாது. ஏற்கெனவே தேக்கம் உள்ளவர்களுக்கு அதை இன்னும் கூட்டவும் செய்யலாம். பைபேப்போ மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் கொடுத்து, களைத்த தசைகளின் வேலையைத் தான் பகிர்ந்துகொள்கிறது. காலைத் தலைவலி இந்த வாயுத் தேக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம்; ஆகவே அப்படி எழுபவருக்கு இரத்த வாயுப் பரிசோதனை செய்து, கரியமில வாயு கூடியிருந்தால் பைபேப்பையும், ஆக்சிஜன் மட்டுமே குறைந்திருந்தால் ஆக்சிஜனையும் தேர்வதே முறை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். பைபேப் இரவு மூச்சை மேம்படுத்துவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயுளை நீட்டும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தாலோ இருமலில் இரத்தம் மிகுதியாக வந்தாலோ அதைப் பயன்படுத்தக்கூடாது.

கருவியைத் தேர்ந்த பிறகு உண்மையான தகராறு மூக்கில்தான் தொடங்குகிறது. இந்நோயாளிகளில் ஏறக்குறைய அனைவருக்கும் சைனஸ் பாதிப்பு இருக்கும். பலருக்கு மூக்கில் சதையும் வளரும். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் இலகுவானது, சளி வந்தால் சட்டென்று துப்பவும் முடியும். ஆனால் மூக்கு அடைத்து வாய் திறந்தால், உள்ளே செல்லும் காற்று வாய் வழியே ஓடிவிடுகிறது. ஒரே திசையில் ஓடும் அந்தக் காற்று மூக்கின் உட்தோலை உலர்த்தி வீங்கச்செய்ய, அடைப்பு மேலும் இறுகுகிறது. வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் கசிவைத் தடுக்கும். எனினும் இருமலும் குமட்டலும் அடிக்கடி வரும் ஒருவருக்கு, வாந்தி வந்தால் உடனே கழற்ற முடியாத நிலை ஆபத்தானது. ஆதலால் முதலில் மூக்கைத் திறக்க முயன்று, அது பலிக்காதபோது மட்டும் முழு மாஸ்க்குக்குப் போவதே நல்லது என்பது என் கணிப்பு.

மூக்கைத் திறக்க உப்புநீர்க் கழுவலும், அதன்பின் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் முதல் படி; சதையை எண்டாஸ்கோப் மூலம் அகற்றலாம் என்றாலும் அது மீண்டும் வளர்வதுண்டு. அமெரிக்காவில் 2019இல் ஒப்புதல் பெற்ற மும்மருந்துக் கூட்டு பலருக்குச் சைனஸ் தொல்லையையும் தணித்திருக்கிறது. ஆனால் அது முதன்மையாகக் குறிவைக்கும் மரபணு மாற்றம் மேலைநாட்டு நோயாளிகளைவிட இந்திய நோயாளிகளிடம் குறைவு, விலையோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. கழுவும் நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே பயன்படுத்த வேண்டும். மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபாத் தொற்று 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் பலருக்கு ஏற்பட்ட நிலையில், கிணற்று நீரையோ வாய்க்கால் நீரையோ அப்படியே மூக்கில் விடுவது தேவையில்லாத துணிச்சல்.

மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வீசும் வறண்ட கிழக்குக் காற்றில் ஆக்சிஜன் குழாயும் மூக்கை உலர்த்தி இரத்தம் கசியவைக்கக்கூடும். குமிழி விடும் நீர்ப்புட்டி அதற்கு ஓரளவே உதவும். பைபேப்போடு இணையும் சூடேற்றும் ஈரப்பதக் கருவி இந்த வகையில் தெளிவாக மேலானது. அதன் தொட்டியைத் தினமும் கழுவி உலர்த்தாவிட்டால் கிருமி வளரும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மின்வெட்டிலும் பைபேப்புக்கே சாதகம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் சுமார் 300 வாட் இழுத்து வீட்டு இன்வெர்ட்டரை விரைவில் காலிசெய்துவிடும். அதை நம்பியிருப்பவர் ஒரு சிலிண்டரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சூடேற்றியை அணைத்துவிட்டால் பைபேப் அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். ஆனால் மூக்கு வறளும் என்பதால், மின்சாரம் வந்ததும் சூடேற்றியை மறுபடி போட்டுவிட வேண்டும்.