ஒரு வருட உலகப் பயணம்: சுற்று டிக்கெட்டா, துண்டு டிக்கெட்டா?

வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் ஊர் சுற்றலாம் என்று கணவன் மனைவி ரெண்டு பேரும் முடிவெடுத்தாயிற்றா? சரி, அடுத்த வாக்குவாதம் டிக்கெட்டில்தான்: மொத்தப் பயணத்துக்கும் ஒரே சுற்று டிக்கெட்டா, ஊருக்கு ஊர் தனித்தனியாக எடுக்கும் துண்டு டிக்கெட்டா?

ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணிகள் விற்கும் உலகச் சுற்று டிக்கெட் ஒரு வருடம் வரை செல்லும். கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் போய், அதிகபட்சம் 16 விமானங்களுக்குள், கிளம்பிய நாட்டிலேயே வந்து முடிக்க வேண்டும். தேதியை மாற்றுவது சுலபம், ஊரை மாற்றினால்தான் காசு.

ஆனால் நம் பாஸ்போர்ட்டுக்கு இது கொஞ்சம் இடிக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்கவே முடியும், அதனால் ஒன்பதாவது மாதம் பாரிஸ் என்று போட்டிருந்தால் அந்த விசாவை நடுவழியில், நீங்கள் குடியிருக்காத ஏதோ ஒரு நாட்டில் நின்றுகொண்டு கேட்க வேண்டிவரும், அங்கே வாங்க மறுக்கலாம். சுற்று டிக்கெட்தான் வேண்டுமென்றால் மேற்கே கிளம்பி ஐரோப்பாவை முதலில் முடித்துவிடுங்கள்.

துண்டு டிக்கெட்டில் இந்தக் கட்டாயம் கிடையாது. விசா கையில் வந்தபிறகு டிக்கெட் போடலாம், வீட்டில் அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் பாதியில் வந்துவிட்டு மறுபடி கிளம்பலாம். தொல்லையும் உண்டு: மலிவு விமானத்தில் கைப்பை 7 கிலோவைத் தாண்டினால் கவுண்டரிலேயே பிரித்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும், ஒருவழி டிக்கெட்டோடு போனால் 'திரும்பும் டிக்கெட் எங்கே?' என்பார்கள்.

தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் பட்டியலில் இருந்தால் சுற்று டிக்கெட்டை விலை பார்க்கலாம். ஆசியாவும் ஐரோப்பாவும் போதுமென்றால் என் ஓட்டு துண்டுக்குத்தான்.