லாகர் பிரிட்ஜில் இஞ்சி பியர்: நாலு வருடக் கணக்கு

ஜேர்மனியில் டோட்முண்டில் இருந்த காலத்தில் நிலவறையில் லாகர் (குளிரில் மெல்ல நொதிக்கிற பியர்) காய்ச்சிப் பழகினவன் நான். அங்கே அப்போது வருடத்துக்கு 200 லீற்றர் வரை வரியில்லை, சுங்க அலுவலகத்துக்கு முன்கூட்டியே அறிவித்தால் போதும். 2024 இலிருந்து 500 லீற்றராம். நான் காய்ச்சினது 'லைஷ்ட்பியர்' என்கிற மெல்லிசான வகை. சீனிக் கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.030 இல் தொடங்கி 1.007 இல் நின்றால் மது 3 வீதம்.

மது குறைவுதானே, லேசாய் வரும் என்று நினைச்சால் ஏமாற்றம்தான். கறுப்பு பியரில் ஒரு பிழை விட்டால் கருகின மோல்ற் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வாசம் மூடிவிடும். இதில் மூட ஒன்றுமில்லை. 12 பாகை செல்சியசில் நொதிக்கவேண்டியது 20 பாகைக்கு ஏறினால் பழவாசம். அவசரப்பட்டுக் குளிராக்கினால் பட்டர் வாசம். அதுக்காகக் கடைசி இரண்டு நாள் 16, 17 பாகைக்கு விட்டால் ஈஸ்ட் தானே அந்த வாசத்தைத் தின்று தீர்க்கும். பிறகு பூச்சியத்துக்குக் கிட்டக் கிழமைக்கணக்கில் கிடத்தவேணும். மோல்ற்றை 68 பாகையில் ஊறவைத்தால் ஈஸ்ட் தின்னமுடியாத சீனி கொஞ்சம் மிஞ்சி வாய்க்குக் கனம் தரும். இல்லாட்டி வெறும் தண்ணி.

2021 இல் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தாச்சு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இங்கே பியர் காய்ச்ச மதுவரிச் சட்டம் விடாது. சாமான்கள் சும்மா கிடந்தன. நத்தாருக்குப் பக்கத்து வீட்டார் தந்த இஞ்சி பியரைக் குடித்தபோதுதான் யோசனை வந்தது. 4 லீற்றர் தண்ணிக்கு 320 கிராம் சீனி, தோலோடு இடிச்ச உள்ளூர் இஞ்சி 200 கிராம், மூன்று தேசிக்காய், நாலைந்து கராம்பு. ஹைட்ரோமீட்டரைப் போட்டால் அதே 1.030!

அறை வெப்பத்தில் பாண் ஈஸ்ட்டோடு வைத்தால் மறுநாளே வாயு நிறைந்து போத்தல் கல்லுப்போல இறுகும். ஆனால் மா வாசம் அடிக்கும். அதனால் பழைய பிரிட்ஜ் ஒன்றோடு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை இணைத்து, 15 பாகையில் லாகர் ஈஸ்ட் போட்டேன். நாலு நாள் பிடித்தது. இஞ்சிக் காரம் மட்டும் துல்லியமாய்த் தொண்டையில் இறங்கியது. மாமி ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "ஏப்பம் நல்லா வருது தம்பி" என்றா. அதைவிட என்ன சான்றிதழ் வேணும்?

இனிக் குறைகள். கருவியின் உணரியைப் பிரிட்ஜுக்குள் சும்மா தொங்கவிட்டது என் முதல் பிழை. கதவு திறந்த ஒவ்வொரு முறையும் மோட்டர் ஓடியது. எட்டு மாதத்தில் மோட்டரைப் போட்டு நிறுத்துகிற ரிலே கருகியது. விற்ற கடைக்காரர் "பாவிக்கத் தெரியேல்லை" என்று கையை விரிச்சார். பாதி உண்மைதான். இப்போது உணரியைப் போத்தலின் பக்கத்தில் வைத்து, ஸ்பொஞ்ச் துண்டால் மூடி டேப் ஒட்டுகிறேன். இரண்டாவது கருவி இன்றுவரை ஓடுது.

அடுத்தது, 2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். கம்பி மூடி போட்ட ஜேர்மன் கண்ணாடிப் போத்தல்கள் உள்ளே, குளிரில்லாமல் நொதித்துக்கொண்டிருந்தன. ஒரு லீற்றரில் 4 கிராம் சீனி நொதித்தாலே ஒரு லீற்றர் வாயு வரும். என்னுடையதில் இருந்தது லீற்றருக்கு 80 கிராம். இரவு இரண்டு மணிக்கு ஒரு வெடி. பிரிட்ஜின் உள்சுவரில் கண்ணாடித்துண்டு குத்தி நின்றது. கதவு பூட்டியிருந்தது எங்கள் நல்லகாலம்.

கரண்ட் வந்த பிறகும் ஒரு வில்லங்கம் இருக்கு. பாண் ஈஸ்ட் குளிரில் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். லாகர் ஈஸ்ட் குளிருக்கென்றே பழகினது, 4 பாகையிலும் மெல்ல மெல்ல வேலை செய்யும். லாகருக்கு அதுதான் வரம், இதற்கு அதுதான் கண்டம். ஆகவே பிளாஸ்டிக் சோடாப் போத்தல் மட்டும். அமத்திப் பார்த்து இறுகினதும் கடும் குளிருக்கு மாற்றவேணும், தினமும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வாயு விடவேணும், ஐந்து நாளைக்குள் குடிச்சு முடிக்கவேணும். இந்த அளவில் நிறுத்தினால் மது குறைவுதான். ஆனாலும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

மின்கட்டணம் ஏறினதிலிருந்து மாதம் இரண்டு தடவைதான் போடுகிறேன். ஈஸ்ட் அக்கா டோட்முண்டிலிருந்து வரும்போது கொண்டுவந்தால்தான் உண்டு. கடைசிப் பக்கற்றில் பாதி மிச்சம். பிரிட்ஜ் கதவு ரப்பரும் இளகிப்போச்சு.