மாருதி 800: நான்கு போட்டி, ஐந்து ஹான்ட்பிறேக் கேபிள்

போன கிழமை ஐந்தாவது தடவையாக ஹான்ட்பிறேக் கேபிள் மாற்றினேன். அன்றிரவே களுவாஞ்சிக்குடியில் இருக்கும் மச்சான் போன் எடுத்தான். "அத்தான், இங்க ஒரு மாருதி விலைக்கு வந்திருக்கு. எடுத்து உங்களோட சேர்ந்து போட்டி ஓடட்டா? எவ்வளவு செலவு வரும்?" என்று கேட்டான். கையில் கிறீஸ் கூடக் கழுவுப்படாத நேரம். கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவனுக்கு ஒழுங்கான பதில் ஒன்று தர வேண்டும் என்றுதான் இதை ஆறுதலாக எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

எஞ்சின் எவ்வளவு, எத்தனை சிலிண்டர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். என்னுடையது காபுரேற்றர் வைத்த, நாலு கியர் வண்டி. அப்பா ஓடியது, பிறகு என் கைக்கு வந்தது. மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்கு அரைக் கிலோமீற்றருக்குள் எங்கள் வீடு. காரின் ஆயுளில் பாதிக்கு மேல் அந்த முற்றத்தில்தான் போனது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போட்டி என்றதும் சிலர் தியத்தலாவை, கட்டுக்குருந்தை, நுவரெலியா மலையேற்றம் போன்ற பெரிய கார்ப் பந்தயங்கள் என்று நினைக்கிறார்கள். அவை வேறு உலகம். நாங்கள் ஓடுவது கூம்பு வைத்து நேரம் பார்க்கும் போட்டி. அம்பாறைப் பக்கம் அரிசி ஆலைக்காரர் ஒருவர் தன் நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தைத் தருகிறார். பெரும்போக அறுவடை முடிந்து நெல் எல்லாம் உள்ளே ஏறிய பிறகு அந்தத் தளம் சும்மா கிடக்கும். மழைத்தண்ணீர் வடிய நடு கொஞ்சம் உயர்ந்து, ஓரம் தாழ்ந்திருக்கும். எவ்வளவு கூட்டினாலும் உமித்தூள் மிச்சம் இருக்கும், அதனால் நல்ல வழுக்கல். ஒரு தடவைக்கு ஒரே ஒரு கார். கூம்புகளுக்கு நடுவே வளைந்து போய், இரண்டு இடத்தில் முழு வட்டம் சுற்றி, ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, பின்னுக்கு எடுத்துத் திரும்ப வேண்டும். கூம்பு ஒன்று சரிந்தால் ஐந்து விநாடி தண்டம். மூன்று ஓட்டத்தில் நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு. பத்துப் பன்னிரண்டு கார் வரும். ஆல்டோதான் கூட. ஒருமுறை டொல்பின் வான் ஒன்றும் வந்து ஓடியது.

பாதுகாப்பு விஷயத்தில் எங்கள் ஆட்கள் விட்டுக்கொடுப்பதில்லை. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பார்க்க வருகிற எல்லோரும் ஆலைச் சுவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பிள்ளைகளைத் தளத்தில் இறக்குவதே இல்லை. ஓட முன் ஒவ்வொரு காரையும் பார்ப்பார்கள்: பற்றறி இறுக்கிக் கட்டியிருக்கிறதா, எக்சிலேற்றரை விட்டதும் முழுதாகத் திரும்புகிறதா, சக்கர நட்டு, சீற் பெல்ட், உள்ளே உருளக்கூடிய சாமான் எதுவும் கிடக்கிறதா. ஹெல்மெற் இல்லாமல் கூம்புக்குப் பக்கத்தில் போகவும் முடியாது. மச்சான், இன்னொன்று. உன் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசி. போட்டி, வேகப் பரீட்சை என்று வந்தால் காசு தரமாட்டோம் என்று ஒரு வரி இருக்கும். கார் அடிபட்டால் அது உன் தலையில்தான்.

செலவு பற்றியும் கேட்டாய். அமெரிக்காவில் 2006 இல் தொடங்கிய 'லெமன்ஸ்' என்ற 24 மணி நேரப் போட்டியில் காருக்கு 500 டொலருக்கு மேல் போடக்கூடாது என்று விதி வைத்தார்கள். ஆனால் பிறேக்குக்கும் ரயருக்கும் பாதுகாப்புச் சாமானுக்கும் போடும் காசு அந்த 500 இல் சேராது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. மலிவுக் கார் ஓடுகிறவன் பிறேக்கில் மலிவு பார்க்கக் கூடாது. நானும் அந்த ஒழுங்கில்தான் செலவழித்தேன்: முதலில் பிறேக், பிறகு ரயர், பிறகு ஹெல்மெற். எஞ்சினில் பிளக்கும் எயார் ஃபில்டரும் தவிர எதையும் தொடவில்லை.

இப்போது காரைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கார் திரும்புகிற திருப்பம் இருக்கிறதே, அதற்கு விலை இல்லை. முன் சக்கரம் இழுக்கிற வண்டி, எடை 650 கிலோ அளவுதான். பின் சீற்றையும் ஸ்டெப்னியையும் கழற்றினால் பின் பக்கம் காற்றுப் போல லேசு. நாலரை மீற்றர் ஆரைக்குள் திரும்பிவிடும். பெரிய கார்க்காரர் வட்டக் கூம்புக்கு முன் தயங்கும்போது மாருதி உள்ளே புகுந்துவிடும். பலம் குறைவு என்பது ஒரு குறையே இல்லை. அந்தத் தளத்தில் இரண்டாம் கியருக்கு மேல் போட வேலை இல்லை, எக்சிலேற்றரை அடிவரை மிதித்தபடி இருக்கலாம். காரின் முழுப் பலத்தையும் பயமில்லாமல் பாவிக்கிற சந்தோசம் பெரிய எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு அங்கே கிடைப்பதில்லை.

ரயர் பற்றிச் சுருக்கமாக. 145/70 ஆர் 12. வழமைக்கு 26 பிஎஸ்ஐ காற்று வைப்பேன், போட்டிக்கு முன் சக்கரத்தில் 36. ரயரின் ஓரத்தில் வெண்கட்டியால் கோடு போட்டு ஓடிப் பார். கோடு அழிந்த உயரத்தைப் பார்த்தால் ரயர் எவ்வளவு மடிகிறது என்று தெரியும். அதிகம் அழிந்தால் இன்னும் கொஞ்சம் காற்று.

அப்புறம் ஹான்ட்பிறேக்.

வட்டத்தைச் சுற்றும் முறை இது. கூம்புக்குக் கிட்டப் போனதும் கிளச்சை மிதிக்க வேண்டும். ஸ்டியரிங்கை உள்பக்கம் வெட்ட வேண்டும். ஹான்ட்பிறேக் பட்டனை அமத்திப் பிடித்தபடியே சடாரென்று இழுத்து, உடனே விட வேண்டும். பின் சக்கரம் இரண்டும் பூட்டுப்பட்டு வழுக்கும். முன்பக்கம் கவராயத்தின் முள்ளு மாதிரி ஊன்றி நிற்க, பின்பக்கம் சுற்றி வரும். கிளச்சை விட்டதும் கார் வந்த வழியைப் பார்த்தபடி இழுத்துக்கொண்டு போகும். முதல் தடவை அது சரியாக அமைந்தபோது ஹெல்மெற்றுக்குள் நான் சத்தம் போட்டுக் கத்தினேன்.

பிரச்சினை அந்த "உடனே விட வேண்டும்" என்பதில் இருக்கிறது. நான் விடுவேன், கார் விடாது. இடது பின் சக்கரம் பிடித்தபடியே நிற்கும்.

இதன் தொடக்கம் போட்டிக்கும் முந்தியது. 2022 இல் பெற்றோல் வரிசைக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கியூஆர் காட்டிப் பெற்றோல் அடிக்கும் முறை வந்த பிறகும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அதற்கு முந்திய மாதங்களில் கார் ஹான்ட்பிறேக் இழுத்தபடி கல்லடி முற்றத்தில் வாரக்கணக்காக நின்றது. கடல்காற்று கேபிள் உறைக்குள் இறங்கி, உள்ளே கம்பி கறள் பிடித்தது. அதை நான் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஏற்றி வரும்போது கல்லடிப் பாலத்தின் நடுவில் கருகிய மணம். இறங்கிப் பார்த்தால் இடது சக்கரத்துக்குக் கிட்டக் கை வைக்க முடியாத சூடு. வலது பக்கம் வெறும் இளஞ்சூடு. போத்தலில் இருந்த தண்ணீரைத் துளி விட்டேன், சீறிக்கொண்டு ஆவியாகிப் போனது. மகள் பயந்துபோய் பாலத்து ஓரத்தில் என் சேர்ட்டைப் பிடித்தபடி நின்றாள். எனக்கு இந்தக் காரில் வந்த முதல் கோபம் அதுதான், இன்னும் முழுதாக ஆறவில்லை.

நியாயமாகப் பேசுவோம். நிறுத்தி வைப்பதற்காகச் செய்த பிறேக் அது. ஒரு பின்னேரத்தில் முப்பது தடவை வெட்டி இழுப்பதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. காத்தான்குடியில் நான் கார் வேலை கொடுக்கும் மெக்கானிக் காக்காவும் அதைத்தான் சொன்னார்: "தம்பி, இது காரிட பிழ இல்ல. உப்புக் காத்தும் உங்கட இழுவையும் சேர்ந்த பிழ." ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உறையின் வாயில் நல்ல ரப்பர் மூடி ஒன்று போட்டிருந்தால் உப்பும் மார்கழி வெள்ளத் தண்ணீரும் இவ்வளவு சுகமாக உள்ளே போயிருக்காது. வீட்டுக் காராக மட்டும் ஓடியபோதும் அது பிடித்தது, பிள்ளை உள்ளே இருந்தபோது பிடித்தது. அதனால் முழுப் பழியையும் நான் பாவிக்கிற விதத்தில் போட்டுவிட முடியாது.

இரண்டாவது கேபிள் வாங்கிய கடையில் ஒறிஜினல் என்றுதான் தந்தார்கள். பூட்டிப் பார்த்தால் இரண்டு விரல் நீளம் கூட. முழுக்க இறுக்கியும் ஒன்பதாவது கிளிக்கில்தான் பிடித்தது. திருப்பிக் கொண்டுபோனேன், கழற்றிய சாமான் எடுக்கமாட்டோம் என்றார்கள். பூட்டாமல் நீளம் எப்படித் தெரியும் என்று கேட்டேன், பதில் இல்லை. பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்காமல் கேபிள் வாங்காதீர்கள்.

நாலாவது போட்டி போன மாதம். இரண்டாம் ஓட்டத்தில் 49.2 விநாடி, நான் ஓடியதில் ஆகக் கெதியான ஓட்டம். முதலாவதாக நின்ற ஆல்டோ 48.8. மூன்றாவது ஓட்டத்தில் முதல் வட்டம் அவ்வளவு அழகாக வந்தது, ஒரு கூம்பும் அசையவில்லை. கிளச்சை விட்டேன். கார் முன்னுக்குப் போகாமல் இடப்பக்கம் சாய்ந்து இழுத்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தச் சக்கரத்தை இழுத்துக்கொண்டே மற்ற வட்டத்தையும் முடித்து 53 இல் வந்தேன். பிறகு சக்கரத்தைக் கழற்றி, உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தோம். உள்ளே கம்பியைச் சுற்றி மிளகாய்த்தூள் போலச் சிவப்புத் தூள். நாலு மாதம்தான் அந்தக் கேபிளுக்கு வயது.

இப்போது நான் செய்வது: புதுக் கேபிள் பூட்ட முன் ஊசி போடும் சிறிஞ்சால் உறைக்குள் கியர் ஒயில் விடுகிறேன், மற்ற நுனியால் வடியும் வரைக்கும். இரண்டு வாயையும் பழைய சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டுகிறேன். வீட்டில் நிறுத்தும்போது ஹான்ட்பிறேக் இழுப்பதில்லை, கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன். போட்டி முடிந்ததும் டிரம்மைக் கழற்றி உமித்தூளைத் தட்டுகிறேன். இவ்வளவும் செய்து ஐந்தாவது கேபிள் எவ்வளவு காலம் போகும் என்று பார்க்க வேண்டும்.

சரி, மச்சான். நீ எடுக்காதே. உன் வீடு என் வீட்டை விடக் கடலுக்குக் கிட்ட. உனக்கு இரண்டும் சின்னப் பிள்ளைகள், அதே காரில்தான் அவர்களும் போக வேண்டும். ஒவ்வொரு மாதமும் சக்கரம் கழற்றிப் பார்க்கிற பொறுமை உனக்கு இல்லை என்று உன் அக்காவே சொல்கிறாள். நான் மேலே புகழ்ந்தது எல்லாம் உண்மை, ஆனாலும் எடுக்காதே. என்னுடையதை விற்பாயா என்று கேட்க நினைத்தால், அதுவும் இல்லை. 49.2 ஐ 48 ஆக்காமல் அந்தக் கார் என் முற்றத்தை விட்டுப் போகாது.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நீயும் வா. சரிந்த கூம்புகளை நிமிர்த்தி வைக்க எங்களுக்கு ஆள் காணாது.